கரகரப்பும் கணக்கில் சேரும்: 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) திரையிசை எழுதிப் பதிவான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1938ஆம் ஆண்டு வெளிவந்த 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' படத்தை அதன் மூல ஒலித்தடத்தோடு முதன்முறை பார்ப்பவர், படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒலிபெருக்கியின் கம்பி சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். வயலின்கள் தகரத்தில் பட்டுத் தெறிப்பதுபோல் ஒலிக்கின்றன. கூட்டுக்குரல் உச்சத்துக்கு எழும் இடங்களில் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடுகின்றன. தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் கருவிகள் இருக்கின்றன என்று ஊகிக்கத்தான் முடிகிறது. ஆனால் படத்தில் எதிரிகளாக வரும் ஜெர்மானிய ட்யூட்டானிக் வீரர்களின் எக்காளம் முழங்கும்போது எழும் கரகரப்பை இந்தக் குறைகளோடு சேர்த்துவிடக் கூடாது. அது தெரிந்தே உண்டாக்கப்பட்டது. இசையமைப்பாளரே விரும்பிக் கேட்டு வாங்கியது. விபத்தாக நேர்ந்த சிதைவும் திட்டமிட்டுச் செய்த சிதைவும் ஒரே ஒலித்தடத்தில் அருகருகே பதிந்துகிடப்பதும், இரண்டையும் பிரித்தறிவது பின்வந்தவர்களுக்குப் பெரும்பாடாகிப் போனதுமே இந்தப் படத்தின் இசைப்பதிவை ஆராயத் தூண்டுகின்றன.

படத்தின் கதை, 1242 ஏப்ரல் 5 அன்று உறைந்துகிடந்த பெய்ப்பஸ் ஏரியின் மீது இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தலைமையிலான ருஷ்யப் படையும் ட்யூட்டானிக் அமைப்பின் சிலுவைப் போர்வீரர்களும் மோதிய நிகழ்ச்சியை மையமாகக் கொண்டது. இயக்கியவர் செர்கேய் ஐசன்ஸ்டைன், ஒளிப்பதிவு எட்வார்டு டிஸ்ஸே, தயாரிப்பு மாஸ்ஃபிலிம். திரையில் ஒலியை எப்படிக் கையாள வேண்டும் என்று 1928இலேயே நண்பர்களோடு சேர்ந்து அறிக்கை வெளியிட்டவர் ஐசன்ஸ்டைன். ஆயினும் அதன் பிறகு பத்தாண்டுகள் அவரால் ஒரு பேசும்படத்தைக்கூட முடித்து வெளியிட முடியவில்லை. 1937இல் ஒரு படம் பாதியிலேயே நிறுத்தப்பட்டு, மேலிடத்தின் கண்டனத்துக்கும் அவர் ஆளாகியிருந்தார். இந்தப் படமும் கைநழுவினால் அடுத்த வாய்ப்பு வருமா என்பது ஐயம் என்ற நிலையில்தான் அவர் இதைத் தொடங்கினார்.

இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியெவின் நிலை வேறு. நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்த அவர் 1936இல் மாஸ்கோவிலேயே குடியமர்ந்துவிட்டார். 1938இன் தொடக்கத்தில் மேற்கு நாடுகளுக்குச் சென்ற கச்சேரிப் பயணத்தின்போது ஹாலிவுட்டுக்கும் போய், வால்ட் டிஸ்னியைச் சந்தித்து, படத்துக்கு இசை பதிவாகும் முறையை ஆர்வத்தோடு கவனித்துவிட்டுத் திரும்பினார். அதுவே அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணமாகவும் அமைந்தது. அவர் ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள் ஐசன்ஸ்டைனின் அழைப்பு வந்தது. ஒலியைப் பற்றி நிறைய எழுதிவிட்டு அதைக் கையாள வாய்ப்பின்றி இருந்த இயக்குநரும், புதிய கருவிகளைக் கண்ணால் கண்டுவிட்டு அவற்றைத் தொட்டுப் பார்க்கத் துடித்த இசையமைப்பாளரும் இப்படி ஒன்று சேர்ந்தார்கள். பாடல்களை எழுதியவர் கவிஞர் விளதீமிர் லுகோவ்ஸ்கோய். ஒலிப்பதிவுக்குப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் போரிஸ் வோல்ஸ்கி. இந்த ஆய்வில் அவருடைய பணி முதலில் தோன்றுவதைவிடப் பெரியது.

இரவில் படம், நண்பகலில் இசை

வேலை நடந்த முறையை ஐசன்ஸ்டைன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். மாலையில் சிறிய திரையரங்கு ஒன்றில் புதிதாக வெட்டி ஒட்டிய காட்சி இரண்டு மூன்று முறை ஓடும். இருட்டில் புரோகோஃபியெவின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியின் மேல், தந்திச் செய்தியை வாங்குபவை போல, விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் விடைபெறும்போது, மறுநாள் 12 மணிக்கு இசை கைக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் 11:55க்கு அவருடைய சிறிய கருநீலக் கார் ஸ்டூடியோவின் வாசலுக்குள் நுழையும். தம் பெயரைக்கூட உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு மெய்யெழுத்துகளால் மட்டுமே ஒப்பமிடும் வழக்கமுள்ள மனிதர் அவர். சிக்கனமும் துல்லியமும் அவர் இயல்பிலேயே ஊறியிருந்தன என்பதற்கு அந்த ஒப்பமே போதும்.

இந்தத் துல்லியத்தை வெறும் ஆளுமைக் கதையாக விட்டுவிடக் கூடாது. அதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. ஒலிப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஓர் இசை அமைந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக 12 ஃபிரேம் கிடைக்கும். அந்த வேகம் 116 ஆகத் தளர்ந்தால், அரை நிமிடக் காட்சியின் முடிவில் இசை ஏறத்தாழ ஒரு நொடி பின்தங்கியிருக்கும். படத்தில் வாள் இறங்கிய பிறகுதான் இசையில் அடி விழும். ஆகவே இருட்டில் தட்டிய விரல்கள் அளந்தது காட்சியின் உணர்ச்சியை மட்டுமல்ல, வெட்டுகளுக்கு இடையே உள்ள கால இடைவெளியையும்தான். அந்த இடைவெளி கைக்கு வந்துவிட்டால், மெட்டு இரவோடு இரவாகப் பிறக்க முடியும் என்பது ஐசன்ஸ்டைனின் விளக்கத்திலிருந்து தெரிகிறது.

எல்லாக் காட்சிகளுக்கும் படம் முந்தி, இசை பிந்தி வரவில்லை. சில பகுதிகளில் இசை முன்னதாகவே பதிவாகி, அதன் மேல் படம் வெட்டப்பட்டது. எது முந்த வேண்டும் என்பதில் இருவருக்கும் பிடிவாதம் இல்லை. வெற்றி பெற்ற ருஷ்ய வீரர்களின் குழலும் முரசும் முழங்கும் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமக்கு வேண்டிய ஒலி எப்படிப்பட்டது என்பதை ஐசன்ஸ்டைனால் வார்த்தையில் விளக்க இயலவில்லை. அதனால் படப்பிடிப்புக்கான பொம்மைக் கருவிகளைச் செய்யச் சொல்லி, அவற்றை வாசிப்பதுபோல் நடிக்கவைத்து, ஒலியே இல்லாமல் படமெடுத்து அதை இசையமைப்பாளருக்குப் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்த புரோகோஃபியெவ் பொருத்தமான இசையை உடனே எழுதித் தந்தார். இயக்குநரும் இசையமைப்பாளரும் மணிக்கணக்கில் பேசியும் விளங்காத ஒன்று, ஊமைப்படம் ஒன்றைக் காட்டியதும் விளங்கியிருக்கிறது.

ஏழு நூற்றாண்டு தூரம்

வரலாற்றுப் படத்துக்கு இசையமைக்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் கேள்வி, அந்தக் காலத்து இசையைத் தேடி எடுத்து வைப்பதா, புதிதாக எழுதுவதா என்பதுதான். புரோகோஃபியெவும் முதலில் 13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கச் சபைப் பாடல்களைத் தேடிப் பார்த்தார். பார்த்த பிறகு அவற்றை ஒதுக்கிவைத்தார். அந்த இசை கடந்த ஏழு நூற்றாண்டுகளில் நம்மிடமிருந்து மிகத் தொலைவுக்குப் போய்விட்டது, இன்றைய பார்வையாளரின் கற்பனையை அது கிளறாது, ஆகையால் அன்று ஒலித்தவாறு அல்லாமல் இன்று நாம் அதைக் கற்பனை செய்யும் விதத்தில் எழுதுவதே சரி என்பது அவர் பின்னர் எழுதிய கட்டுரையில் தந்த விளக்கம்.

இந்த முடிவை நழுவல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காலச் சபைப் பாடல் இன்றைய செவிக்கு அமைதியும் பக்தியும் தருவது. குழந்தைகளை நெருப்பில் போடும் சிலுவை வீரர்களின் காட்சிக்கு அந்த அமைதியை அடியில் விரித்தால் பார்வையாளர் குழம்புவார், அல்லது அவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். அந்த வீரர்களிடம் சிக்கிய அன்றைய பிஸ்கோவ் நகரத்தாருக்கு அந்தப் பாடல் எத்தகைய அச்சத்தைத் தந்திருக்குமோ அந்த அச்சத்தைத் தர வேண்டுமானால், அதே ஸ்வரங்கள் உதவா. ஆகவே புரோகோஃபியெவ் பாடலைப் படியெடுக்காமல் அதன் விளைவைப் படியெடுத்தார்: நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கனத்த ஸ்வரக்கூட்டுகள், அவற்றின் மேல் இலத்தீனில் திரும்பத் திரும்ப உச்சரிக்கப்படும் ஒரே வரி.

அந்த வரியின் கதை சுவையானது. 'பெரெக்ரினுஸ் எக்ஸ்பெக்டாவி, பெதெஸ் மேயோஸ் இன் சிம்பாலிஸ்' என்று அது ஒலிக்கிறது. இலத்தீன் அறிந்தவர் அதைப் பிரித்துப் பொருள் கொள்ள முயன்றால், அயலான், காத்திருந்தேன், என் கால்கள், கைத்தாளங்களில் என்று தனித்தனிச் சொற்கள் கிடைக்குமே தவிர வாக்கியம் எதுவும் தேறாது. இந்தச் சொற்கள் அனைத்தும் இசையமைப்பாளர் ஸ்த்ராவின்ஸ்கி 1930இல் விவிலியச் சங்கீதங்களைக் கொண்டு இயற்றிய 'சங்கீதங்களின் சிம்பொனி'யில் வருபவை என்பதை, கூட்டுக்குரல் பாடகி ஒருவர் 1990களில் கவனித்து எழுதினார். இது தம் சமகாலத்துப் போட்டியாளர் மீது புரோகோஃபியெவ் செய்த கேலியா, அல்லது எதிரியின் மொழி பொருளற்ற முழக்கமாகவே கேட்க வேண்டும் என்ற எண்ணத்தில் கைக்குக் கிடைத்த சொற்களைக் கோத்தாரா என்பதை அவரவர் ஊகத்துக்கு விடலாம். காட்சிக்கு இரண்டும் ஒன்றாகவே பயன்படுகின்றன.

ருஷ்யத் தரப்புக்கு அவர் கையாண்ட வழி நேரெதிரானது. அங்கே மெட்டுகள் நகர்கின்றன, மூச்சு விட்டுப் பாடும் நீளத்தில் அமைகின்றன, நாட்டுப்பாடலின் சாயலைக் கொள்கின்றன. ஆனால் எதுவும் சேகரித்த நாட்டுப்பாடல் அல்ல. போர் முடிந்து, விளக்கேந்திய பெண்கள் இறந்தவர்களுக்கும் குற்றுயிராய்க் கிடப்பவர்களுக்கும் இடையே தேடி நடக்கும் காட்சியில் தனிக்குரலாக எழும் பாடல், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இந்தப் படத்திலேயே தனிமனிதத் துயரத்துக்கு இசை இடம் கொடுக்கும் அரிய தருணம்.

ஒலிவாங்கியின் முன்னால் ஓர் அடி

இனி வோல்ஸ்கியின் பதிவறைக்கு வருவோம். அரங்கில் வாசிக்கும் இசைக்குழுவில் எந்தக் கருவி உரக்கக் கேட்கும், எது அடங்கிக் கேட்கும் என்பது அந்தந்தக் கருவியின் உடல்வாகு தீர்மானிக்கும் விஷயம். ட்ரோம்போன் என்ற பித்தளை ஊதுகருவி முழு மூச்சில் ஒலித்தால் பசூன் என்ற மரக்குழல் காணாமல் போய்விடும். எந்த இசையமைப்பாளரும் இதை மனத்தில் வைத்தே எழுதுவார். ஒலிவாங்கி வந்ததும் இந்தப் படிநிலை கட்டாயமாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் புரோகோஃபியெவ் பிடித்துக்கொண்டார். பசூனை ஒலிவாங்கியின் அருகில் உட்காரவைத்து, ட்ரோம்போனை 20 மீட்டர் தள்ளி நிறுத்தினால், பூதாகரமான ஒரு பசூனும் அதன் பின்னால் எங்கோ முனகும் ட்ரோம்போனும் கிடைக்கும். தலைகீழாக்கிய வாத்திய அமைப்பு என்று அவர் அதைக் குறிப்பிட்டார். கணக்குப்படி, தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். 1 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் இடையிலான வேறுபாடு 26 டெசிபெல். மூடிய கூடத்தில் சுவரின் எதிரொலி சேர்வதால் ஒலி அவ்வளவு தூரம் குறைந்துவிடாது என்றாலும், ட்ரோம்போனின் தன்மையே மாறிவிடும். ஒலியின் கூர்முனை மழுங்கி, வேறோர் ஊரிலிருந்து வருவதுபோல் கேட்கும். இது ஒலி அளவைக் குறைப்பதால் கிடைக்கும் விளைவு அல்ல. தூரத்தைத் தூரத்தால்தான் எழுத முடியும்.

குழுவினரைப் பிரித்துவைக்கும் உத்தியும் கையாளப்பட்டது. பித்தளைக் கருவிகள் ஒரு கூடத்திலும் கூட்டுக்குரல் மற்றொரு கூடத்திலும் இருக்க, இரண்டிலிருந்தும் வரும் கம்பிகள் கட்டுப்பாட்டு அறையில் சேரும். அங்கே அமர்ந்தவர் காட்சியின் தேவைக்கேற்பக் குரலை முன்னுக்குக் கொண்டுவரலாம், எக்காளத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். பல தடங்களில் தனித்தனியே பதிந்துவைத்துப் பின்னர் கலக்கும் வசதி பரவலாவதற்கு முந்தைய காலம் அது என்பதை மறக்கலாகாது. குமிழைத் திருகியவரும் அந்த நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராகிவிட்டார்.

முத்தாய்ப்பான சோதனை எக்காளத்தில் நடந்தது. பித்தளைக் கருவியை ஒலிவாங்கியின் வாய்க்கு நேராக வைத்து ஊதினால் அலையின் உயரம் ஒலிப்பதிவுக் கருவி தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். உச்சிகள் வெட்டுப்பட்டு, வாசித்த ஸ்வரத்தில் இல்லாத அதிர்வுகள் புதிதாகச் சேர்ந்து, ஒலி கிழியும். எந்த ஒலிப்பதிவாளரும் இதைக் கேட்டவுடன் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்வார். புரோகோஃபியெவ் அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். ட்யூட்டானிக் எக்காளம் அன்றைய ருஷ்யர் காதுக்கு நாராசமாக இருந்திருக்கும். அந்த நாராசத்தைப் பார்வையாளரும் உணர வேண்டுமானால் இந்தப் பழுதே தக்க வழி என்பது அவர் நியாயம். மின்கிட்டாரைக் கிழியவிட்டு வாசிப்பது இசையுலகில் பொதுவழக்காவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிம்பொனி இசையமைப்பாளர் அதே தத்துவத்தைப் பனிக்கட்டி யுத்தம் ஒன்றுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

பனிக்கட்டி என்று சொல்லும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் போர்க்காட்சி 1938இன் கோடை வெயிலில், மாஸ்கோவில், செயற்கைப் பனியின் மேல் எடுக்கப்பட்டது. கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டிருந்த நடிகர்களின் காட்சிக்குக் குளிரைக் கொடுக்கும் பொறுப்பும் இசையின் மேலேயே விழுந்தது. போருக்கு முன் வரும் காத்திருப்பில், நரம்புக் கருவிகள் வில்லைக் கருவியின் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு ஒட்டி நடுக்கமாக இழுக்கும் அந்தக் கண்ணாடி போன்ற ஒலியில் குளிர் இருக்கிறது. தொலைவில் குதிரைப்படை புள்ளியாகத் தோன்றும்போது இசையும் தொலைவிலேயே தொடங்குகிறது. அடித்தளத்தில் ஒரே தாளக்கட்டு மாறாமல் சுற்றிச் சுற்றி வர, அதன் மேல் இலத்தீன் வரி ஏற, எக்காளம் கிழிய, ஆப்பு வடிவில் வரும் படை திரையை நிரப்புகிறது. இரு படைகளும் மோதும்போது இசை நின்றுவிடுகிறது. பிறகு நெடுநேரம் வாளோடு வாள் உரசும் ஓசையும் கூச்சலும்தான். போர்க்காட்சியில் போர் தொடங்கியதும் இசையை நிறுத்துகிற துணிவு இன்றைய ரீரெக்கார்டிங் கூடங்களில் எத்தனை பேருக்கு வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மோதலுக்கு முந்தைய இந்தக் காத்திருப்புப் பகுதியின் 12 ஷாட்களையும் 17 பார் (தாளச் சுற்று) இசையையும் ஐசன்ஸ்டைன் பின்னர் ஒரு கட்டுரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைபடமாக்கி, காட்சியின் கோடும் இசையின் கோடும் ஒரே வளைவில் செல்வதாக வாதிட்டார். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரும் தத்துவ அறிஞர் தியோடர் அடோர்னோவும் அதை மறுத்தார்கள்: படத்தோடு பொருந்துவது தாளில் எழுதிய இசைக்குறிப்பின் வடிவமே தவிர, காதில் விழும் இசையின் அசைவு அல்ல என்றார்கள். மறுப்பு நியாயமானதே. ஷாட்டின் கோட்டைக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும்; மெட்டின் கோட்டைக் காது காத்திருந்துதான் வாங்கும். ஆனால் வரைபடம் தவறு என்பதால் காட்சி தோற்றுவிடவில்லை. அதன் வெற்றி இருந்த இடம் தாளில் அல்ல, ஒலிவாங்கிக்கும் கருவிக்கும் இடையே விட்ட தூரத்தில். ஐசன்ஸ்டைனின் வரைபடத்தில் அந்தத் தூரத்துக்கு இடமில்லை.

குறை எங்கே

இவ்வளவு நுட்பமாகத் திட்டமிட்ட பதிவு ஏன் இவ்வளவு மோசமாகக் கேட்கிறது? அன்றைய ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்தது. அந்தத் தடம் தாங்கக்கூடிய சுருதி வீச்சும் குறைவு, மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையிலான இடைவெளியும் குறைவு. படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். சோவியத் கருவிகள் அப்போது ஹாலிவுட் கருவிகளுக்குப் பின்தங்கியே இருந்தன. அதோடு படத்தை விரைந்து முடிக்கும் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. கோடையில் படப்பிடிப்பு நடந்த படம் 1938 டிசம்பர் 1 அன்று திரைக்கு வந்துவிட்டது. தூரத்தைக் கொண்டு எழுதிய இசைக்கு மெல்லிய ஒலிகள் உயிர். அந்தத் தொழில்நுட்பம் முதலில் விழுங்கியதும் மெல்லிய ஒலிகளையே. அதனால் 20 மீட்டர் தள்ளி நிறுத்திய கருவி இரைச்சலுக்குள் மூழ்கியது, ஓர் அடி தூரத்தில் கிழிந்த எக்காளமோ அப்படியே நின்றது. எண்ணிச் செய்த சோதனைகளில் பாதி பிழைத்தது, பாதி போயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

புரோகோஃபியெவ் இதை உணர்ந்திருந்தார் என்றே அவர் அடுத்துச் செய்த காரியம் காட்டுகிறது. படத்தின் இசையை ஏழு பகுதிகள் கொண்ட கண்டாட்டாவாக, அதாவது பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து அரங்கில் வழங்கும் படைப்பாக, ஓபஸ் 78 என்ற படைப்பு எண்ணில், மாற்றி எழுதினார். 1939 மே 17 அன்று மாஸ்கோவில் அவரே நடத்த அது அரங்கேறியது. முதலில் படத்துக்கு எழுதியதைவிட இதுவே கடினமாக இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். காரணம் எளிது. ஒலிவாங்கி செய்த வேலை முழுவதையும் இப்போது கருவிகளே செய்தாக வேண்டும், ஆகவே வாத்திய அமைப்பை அடியோடு மாற்ற வேண்டியதாயிற்று. தூரத்து எக்காளத்தை, மேடைக்கு வெளியே நின்று ஒலியடக்கியோடு ஊதும் ட்ரோம்போனிடம் ஒப்படைத்தார். அது நல்ல தீர்வு. கிழிந்த எக்காளத்துக்கு மட்டும் அரங்கில் நேரான மாற்று கிடைக்கவில்லை.

படத்தின் வாழ்வும் நேராக ஓடவில்லை. 1939 ஆகஸ்டில் ஜெர்மனியோடு உடன்பாடு கையெழுத்தானதும், ஜெர்மானியரை வில்லன்களாகக் காட்டும் படம் அரங்குகளிலிருந்து அகன்றது. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை எல்லையைத் தாண்டியதும் திரும்பி வந்தது. அந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே, இசையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது கண்டாட்டாதான்.

1987இல் வில்லியம் புரோன் அந்தக் கண்டாட்டாவை அடிப்படையாகக் கொண்டு, படம் திரையில் ஓட இசைக்குழு நேரில் வாசிக்கத்தக்க வடிவத்தை அமைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் அதை முதலில் வாசித்தது. பிறகு யூரி டெமிர்கானோவ் நடத்த, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஃபில்ஹார்மோனிக் படத்துக்கான இசையைப் புதிதாகப் பதிவுசெய்தது; ஃபிராங்க் ஸ்ட்ரோபெல் 2003இல் படத்துக்கு எழுதிய மூல இசைக்குறிப்புக்கே திரும்பினார். இவற்றால் கிடைத்த நன்மை பெரிது. 1938இன் தடத்தில் காணாமல் போன தாழ்ந்த சுருதிகள், கூட்டுக்குரலின் உள்ளடுக்குகள், காத்திருப்பின் நடுக்கம் எல்லாம் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டன.

ஆனால் நேரில் வாசிக்கும் நிகழ்ச்சியில் இசைக்கலைஞர் முன்னுள்ள குறிப்பைப் பார்த்து எக்காளத்தை ஊதுகிறார். அவர் தேர்ந்த கலைஞர். ஸ்வரம் சுத்தமாக, உருண்டு, பளபளப்பாக வெளிவருகிறது. திரையில் வாளி போன்ற கவசத் தொப்பிக்குள் முகம் மறைத்த வீரர்கள் வருகிறார்கள். உரையாடல் மட்டும் பழைய தடத்திலிருந்து கரகரவென்று கேட்கிறது, அதாவது நெவ்ஸ்கியாக நடித்த செர்காசோவின் குரல் கிழிந்திருக்கிறது, எதிரியின் எக்காளம் மெருகோடு ஒலிக்கிறது. 1938இல் வோல்ஸ்கியின் பதிவறையில் முடிவானது இதற்கு நேர்மாறு.